திறந்த கோப்பின் ஆயுள்

ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறந்து படித்துக்கொண்டிருக்கிறது. பாதி படித்திருக்கும்போது வேறொரு நிரல் அந்தக் கோப்பை அழித்துவிடுகிறது. படித்துக்கொண்டிருந்த நிரலுக்கு என்ன ஆக வேண்டும்?

விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விடை பழக்கமானது. இந்தக் கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறது என்று ஒரு பெட்டி திரையில் வந்து நிற்கும், அழிக்க விடாது. லினக்ஸில் அப்படி எதுவும் வராது. அழி என்றதும் கோப்பு பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஆனால், அதை ஏற்கெனவே திறந்து வைத்திருந்த நிரல் எந்தத் தடங்கலும் இல்லாமல் கடைசி பைட் வரை படித்து முடிக்கும். மூன்றாவது விடையும் உண்டு. கோப்பு உங்கள் கணினியில் இல்லாமல் அலுவலகத்தின் பொதுச் சர்வரில் இருந்தால், படித்துக்கொண்டிருந்த நிரல் பாதி வழியில் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்ற பிழைச் செய்தியோடு நின்றுபோகலாம்.

மூன்றில் எதையும் தவறென்று தள்ள முடியாது. ஒரே கேள்விக்கு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நெருக்கடியில் எடுக்கப்பட்ட முடிவுகள் இவை. கோப்பைத் திறந்ததற்கு அடையாளமாக இயங்குதளம் நிரலிடம் ஒன்றைக் கொடுக்கிறதே, அந்த ஃபைல் ஹேண்டில் எவ்வளவு காலம் செல்லுபடியாக வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வி. பார்க்கச் சிறியது. ஆனால் சர்வரின் வன்தட்டு காரணம் தெரியாமல் நிறைந்துபோவது, விண்டோஸ் அடிக்கடி மறுதொடக்கம் கேட்பது, பாதுகாப்புத் திருத்தம் போட்ட பிறகும் ஓட்டை ஓட்டையாகவே இருப்பது என்று நாம் வேறுவேறாக நினைக்கும் பல தொல்லைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஹேண்டில் எதற்கு என்பதில் தொடங்கலாம். நிரலுக்கு ஒரு கோப்பு வேண்டுமென்றால் அதன் முழுப் பாதையைச் சொல்லித் திறக்கக் கேட்கிறது. இயங்குதளத்தின் மையமான கர்னல், கோப்புறைக்குள் கோப்புறையாக அந்தப் பாதையில் இறங்கித் தேடுகிறது. கேட்டவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சின்ன எண்ணைத் திருப்பித் தருகிறது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 0, 1, 2 ஆகியவை உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி என்று வழக்கமாகப் போய்விடுவதால், நிரல் முதலில் திறக்கும் கோப்புக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். அதற்குப் பிறகு நிரல் பெயரைச் சொல்வதே இல்லை. 3-லிருந்து அடுத்த 4096 பைட் கொடு என்றால் போதும். தேடலும் அனுமதிச் சோதனையும் ஒரே முறையோடு முடிந்துவிடுகின்றன. எதுவரை படித்தாயிற்று என்பதையும் கர்னலே நினைவில் வைத்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970-களின் தொடக்கத்தில் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் இங்கே ஒரு முடிவெடுத்தார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிவரை இன்றும் அதுதான் ஆள்கிறது. கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு என்பதே அந்த முடிவு. கோப்புறையில் இருப்பது பெயரும், பக்கத்தில் ஓர் எண்ணும் மட்டுமே. அந்த எண் சுட்டும் ஐநோட் என்ற பதிவில்தான் கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், வன்தட்டில் எங்கெங்கே இருக்கிறது என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. பெயர் மட்டும் அதில் கிடையாது. ஒரே ஐநோட்டுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம். எத்தனை பெயர்கள் என்ற கணக்கு ஐநோட்டிலேயே இருக்கும். எத்தனை நிரல்கள் திறந்து வைத்திருக்கின்றன என்ற இன்னொரு கணக்கைக் கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும்.

கோப்பை அழிப்பது என்றால் ஒரு பெயரை நீக்குவது, அவ்வளவுதான். பெயர்க் கணக்கும் பூஜ்யமாகி, திறந்தவர்கள் கணக்கும் பூஜ்யமானால்தான் கர்னல் உண்மையிலேயே இடத்தை விடுவிக்கிறது. ஆகவே யூனிக்ஸ் சொல்லும் விதி தெளிவானது: நீங்கள் மூடும்வரை அல்லது உங்கள் நிரல் முடியும்வரை ஹேண்டில் செல்லும். இடையில் பெயர் மாறட்டும், அழியட்டும், கோப்பின் அனுமதியை யாரோ மாற்றட்டும். உங்கள் கையிலிருப்பது கெடாது.

இந்தத் தாராளத்தால் விளைந்த நன்மைகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒரு நிரலுக்குத் தற்காலிகக் கோப்பு வேண்டுமா? திறந்த கையோடு பெயரை அழித்துவிடலாம். வேறு யாரும் அதைப் பெயர் சொல்லித் திறக்க முடியாது. நிரல் ஒழுங்காக முடிந்தாலும், நடுவில் செத்து விழுந்தாலும் கர்னல் தானே இடத்தைத் துப்புரவாக்கிவிடும். முக்கியமான ஒரு கோப்பைத் திருத்த வேண்டுமா? புதிய பதிப்பை வேறு பெயரில் எழுதி முடித்து, பழைய பெயரை அதற்குச் சூட்டலாம். பழையதைத் திறந்து வைத்திருந்தவர் பழையதை முழுதாகப் படிப்பார். புதிதாகத் திறப்பவர் புதியதை முழுதாகப் படிப்பார். பாதி பழையது, பாதி புதியது என்ற குழப்பம் யாருக்கும் வராது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலே அதன் மென்பொருளைப் புதுப்பிக்க முடிவதும் இதனால்தான்.

விலையும் உண்டு. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். வன்தட்டு நிரம்பிவிட்டது. தேடினால், ஒரு நிரல் தன் நிகழ்வுப் பதிவுகளை எழுதி எழுதி ஒரு கோப்பை மலைபோல் வளர்த்து வைத்திருக்கிறது. அதை அழிக்கிறார்கள். வன்தட்டு அப்போதும் நிரம்பியே இருக்கிறது. கோப்புகளின் அளவை எல்லாம் கூட்டிச் சொல்லும் கட்டளை ஒரு கணக்கைக் காட்டுகிறது. வன்தட்டில் மீதமுள்ள இடத்தைச் சொல்லும் கட்டளை வேறு கணக்கைக் காட்டுகிறது. பெயர்தான் போயிற்று, நிரல் இன்னும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத கோப்பில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த நிரலிடம், கோப்பை மூடித் திறக்கச் சொல்லிக் குறிப்பு அனுப்பினாலோ, அதை நிறுத்தித் தொடங்கினாலோ இடம் ஒரே நொடியில் திரும்பிவிடும்.

இதற்குள்ளேயே ஒரு வரமும் இருக்கிறது. லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலின் திறந்த ஹேண்டில்களும் ‘ப்ராக்’ என்ற சிறப்புக் கோப்புறையின் கீழ் காணக் கிடைக்கும். தவறுதலாக அழித்த கோப்பை ஏதாவது ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருந்தால், அங்கிருந்து அதை அப்படியே நகலெடுத்து மீட்கலாம். ஒரே நிபந்தனை, பதற்றத்தில் அந்த நிரலை நிறுத்திவிடக் கூடாது.

இதைவிடக் கடுமையான பாடம் 2014 ஏப்ரலில் கிடைத்தது. இணையத்தில் பாதுகாப்பான தொடர்புக்கு ஏராளமான சர்வர்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டது. சர்வரின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் கசியக்கூடிய ஓட்டை அது. திருத்தம் அன்றைக்கே வந்தது. ஆனால் திருத்திய நூலகத்தை வன்தட்டில் போட்டால் மட்டும் போதவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வலைச் சர்வர், பெயரிழந்த பழைய நூலகத்தையே தன் நினைவகத்தில் பிடித்துவைத்திருந்தது. புதுப்பித்தாயிற்று என்று திரை சொல்லும்; ஓட்டை திறந்தே கிடக்கும். பழைய நூலகத்தை இன்னும் பிடித்திருக்கும் நிரல்கள் எவை என்று தேடி, ஒவ்வொன்றையும் நிறுத்தித் தொடங்கிய பிறகே வேலை முடிந்தது. நிறுத்தாமல் புதுப்பிக்கலாம் என்ற வசதியும் இந்த ஆபத்தும் ஒரே விதியிலிருந்து வருபவை.

விண்டோஸ் வேறு வழியில் போனது. அங்கே கோப்பைத் திறக்கும் நிரல், நான் திறந்திருக்கும்போது மற்றவர்கள் இதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று திறக்கும்போதே சொல்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் மற்றவருக்கு எதுவுமே கிடையாது. ஹேண்டில் செல்லும் காலம்வரை கோப்பின் பெயரும் இருக்கும் இடமும்கூட உறுதி என்பது இதன் பொருள். நேர்மையான விதிதான், மறைவாக எதுவும் வளராது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நூலகத்தை மாற்ற முடியாமல் போகிறது. அதனால் புதுப்பிப்பு நிரல், மாற்ற வேண்டிய கோப்புகளின் பட்டியலை எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை கணினி எழும்போது வேறு யாரும் எதையும் திறப்பதற்கு முன்பாக மாற்றச் சொல்கிறது. புதுப்பித்ததும் மறுதொடக்கம் செய்யச் சொல்லி நம்மை விண்டோஸ் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில், அழிக்க இசைந்து திறக்கப்பட்ட கோப்புகளின் பெயரை யூனிக்ஸ் முறைப்படி உடனே நீக்கும் வசதியை மைக்ரோசாஃப்டும் சேர்த்துவிட்டது. இந்தப் போட்டியில் யூனிக்ஸ் விதியே வென்றிருக்கிறது என்பேன்.

ஆனால் அதே யூனிக்ஸில், ஹேண்டிலின் ஆயுள் முடிந்த பிறகு நடப்பது எனக்குக் கவலை தருகிறது.

கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். எண் 47. திரும்பி வந்து செருப்பை வாங்கியதும் டோக்கனைக் கொடுத்துவிடுகிறோம். அது அடுத்து வருபவருக்குப் போகிறது. டோக்கனைக் கொடுத்த பிறகும் நாம் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி போய் 47 என்று சொன்னால், சொன்னதையே நம்பும் காவலாளி இன்னொருவர் செருப்பை எடுத்துத் தந்துவிடுவார். கர்னல் அந்தக் காவலாளிதான். நிரல் எண்ணைச் சொன்னால் போதும்.

போதாக்குறைக்கு, காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதையே அடுத்துத் தர வேண்டும் என்பது விதி. யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் இது அழகாக உதவியது. வெளியீட்டைத் திரைக்குப் பதில் கோப்புக்குத் திருப்ப வேண்டுமானால் 1-ஐ மூடிவிட்டு உடனே கோப்பைத் திறந்தால் போதும். கோப்புக்கு 1 கிடைத்துவிடும். ஒரு நிரல் ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்த காலம் அது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஒரு நிரல் அதிகபட்சம் 20 கோப்புகளைத்தான் திறந்து வைக்க முடிந்தது. இன்றோ ஒரே நிரலுக்குள் த்ரெட்கள் என்ற பல வேலை ஓட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன; ஆயிரக்கணக்கான ஹேண்டில்கள் திறந்து மூடப்படுகின்றன. ஒரு த்ரெட் 7-ஐ மூடுகிறது. அடுத்த கணமே இன்னொரு த்ரெட் வாடிக்கையாளர் தரவுக் கோப்பைத் திறக்க, அதற்கு 7 கிடைக்கிறது. முதல் த்ரெட்டில் எங்கோ ஒரு பிழை. மூடிய 7-இல் மறுபடி ஒரு வரி எழுதுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. தரவுக் கோப்பின் நடுவில் சம்பந்தமில்லாத ஒரு வரி போய் உட்கார்ந்துகொள்ளும். சில நாட்கள் கழித்து யாராவது கண்டுபிடித்தாலும், எழுதியவர் யாரென்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

மூடும் கட்டளையிலேயே இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. மூடும்போது குறுக்கீடு ஒன்று வந்து கட்டளை தடைப்பட்டதாகப் பிழை திரும்பினால், ஹேண்டில் மூடப்பட்டதா இல்லையா? யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிர்ணயம் பல ஆண்டுகள் இதைத் திறந்தே விட்டிருந்தது. லினக்ஸில் எண் எப்படியும் விடுவிக்கப்பட்டுவிடும். எச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸில் விடுவிக்கப்படாது. தடைப்பட்டால் மறுபடி முயல் என்று பாடப்புத்தகத்தில் கற்றுக்கொண்டு லினக்ஸில் இரண்டாம் முறை மூடினால், அதற்குள் அந்த எண்ணை வாங்கிய வேறொரு த்ரெட்டின் கோப்பை மூடிவிட வாய்ப்பிருக்கிறது.

ரஸ்ட் மொழி 2022 ஆகஸ்டில் வந்த தன் 1.63 பதிப்பில் இதற்கு ஒரு நல்ல வேலி போட்டது. ஹேண்டிலுக்கு ஒரே உரிமையாளர். உரிமையாளர் போனதும் ஹேண்டில் தானே மூடப்படும். மூடிய பின் பயன்படுத்தப் பார்த்தால் நிரல் தொகுக்கவே மறுத்துவிடும். ஆனால் இது மொழி போடும் வேலி. கர்னலின் விதி அப்படியேதான் இருக்கிறது.

இந்த நோய்க்குச் சரியான மருந்து கிடைத்தது தனிக் கணினியில் அல்ல, வலைப்பின்னலில். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களின் நடுவில் என்.எஃப்.எஸ். என்ற வலைக் கோப்பு முறையை உருவாக்கியது. கோப்புகள் ஒரு சர்வரில் இருக்கும்; அறை முழுவதும் உள்ள கணினிகள் அவற்றைத் தம்முடையவை போலவே பயன்படுத்தும். ரஸ்ஸல் சாண்ட்பர்க்கும் சக பொறியாளர்களும் 1985-இல் அதன் வடிவமைப்பை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் பிடிவாதமாகக் காப்பாற்றிய கொள்கை. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்று சர்வர் குறித்து வைத்தால், அது விழுந்து எழும்போது அந்தக் குறிப்பு போய்விடும். எல்லோருடைய வேலையும் குலையும். எதையுமே குறித்து வைக்காத சர்வர் விழுந்தால், கேட்டவர்கள் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து பதில் வரும். நிரல்களுக்கு, சர்வர் கொஞ்சம் மெதுவாகிவிட்டது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

அப்படியானால் ஹேண்டில் ஒரு பட்டியலின் வரிசை எண்ணாக இருக்க முடியாது. கோப்பைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். என்.எஃப்.எஸ். இரண்டாம் பதிப்பில் அது 32 பைட். வாங்கிய கணினிக்கு அதன் உள்ளடக்கம் புரிய வேண்டியதில்லை. பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் காட்டினால் போதும். சர்வர் அதற்குள் மூன்று விஷயங்களை வைத்தது. எந்தக் கோப்பு முறை, எந்த ஐநோட், அந்த ஐநோட்டின் எத்தனையாவது தலைமுறை.

மூன்றாவதாக வரும் அந்தத் தலைமுறை எண்ணே இந்தக் கதையின் அருமையான கண்டுபிடிப்பு. கோப்பு அழிந்து, அதன் ஐநோட் வேறொரு புதிய கோப்புக்குக் கொடுக்கப்பட்டால், சர்வர் அந்த ஐநோட்டின் தலைமுறை எண்ணை மாற்றிவிடும். பழைய ஹேண்டிலோடு யாராவது வந்தால் ஐநோட் எண் பொருந்தும், தலைமுறை பொருந்தாது. உடனே வரும் பதில்தான் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’. அதைத் திரையில் பார்த்து எரிச்சலடையும் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உண்மையில் அது நம்மைக் காப்பாற்றும் செய்தி. நீங்கள் கேட்ட கோப்பு இப்போது இல்லை என்று சர்வர் சொல்கிறது. அது சொல்லாமல் இருந்தால் உங்கள் எழுத்து இன்னொருவர் கோப்புக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஹேண்டில் செத்துப்போவது ஆபத்தில்லை. செத்த ஹேண்டில் வேறொரு கோப்பாக உயிர்த்தெழுவதுதான் ஆபத்து.

தலைமுறை எண்ணுக்கு இன்னொரு பயனும் பிறகு கிடைத்தது. ஹேண்டிலைக் காட்டினால் கோப்பு கிடைக்கும் என்றால், ஹேண்டிலை ஊகித்துச் சொன்னாலும் கிடைத்துவிடுமே? ஐநோட் எண்கள் வரிசையாகப் போவதால் ஊகிப்பது எளிது. அதனால் சன் இயங்குதளத்திலும் பி.எஸ்.டி. யூனிக்ஸிலும் தலைமுறை எண்களைத் தாறுமாறாக மாற்றியமைக்கவென்றே ஒரு கட்டளை வந்தது. பிழையைத் தடுக்கப் பிறந்த எண் திருட்டைத் தடுக்கவும் உதவியது.

ஒரு விஷயத்தில் மட்டும் என்.எஃப்.எஸ். திணறியது. திறந்திருக்கும் கோப்பை அழித்தாலும் ஹேண்டில் செல்லும் என்ற யூனிக்ஸ் விதியை, யார் திறந்திருக்கிறார்கள் என்றே தெரியாத சர்வர் எப்படிக் காப்பாற்றும்? அந்தப் பொறுப்பை வாடிக்கையாளர் கணினியே எடுத்துக்கொண்டது. தன்னிடம் திறந்திருக்கும் கோப்பை அழிக்கச் சொன்னால், அழிக்காமல் ‘.என்எஃப்எஸ்’ என்று தொடங்கும் மறைவான பெயரைச் சூட்டிவிட்டு, கடைசியாக மூடும்போது அழிக்கும். பகிர்ந்த கோப்புறைகளில் விசித்திரமான பெயருடைய கோப்புகளைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு விளக்கம் இதுதான். நடுவில் அந்தக் கணினி நின்றுபோனால் அந்தக் கோப்பு அனாதையாக அங்கேயே கிடக்கும். வேறொரு கணினியிலிருந்து அழித்தால் இந்தத் தந்திரமும் பலிக்காது; பழைய ஹேண்டில் செத்துவிடும்.

2000-இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு, இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் எழுதியது. ஹேண்டில்கள் இரு வகை. ஒன்று நிலையானது, கோப்பு இருக்கும்வரை, சர்வர் எத்தனை முறை விழுந்து எழுந்தாலும் செல்லும். இன்னொன்று காலாவதியாகக்கூடியது, எந்தச் சூழ்நிலையில் காலாவதியாகும் என்பதைச் சர்வர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கோப்பே போய்விட்டது என்பதற்கு ஒரு பிழை, கோப்பு இருக்கிறது ஆனால் ஹேண்டில் காலாவதி, பெயரைச் சொல்லிப் புதிது வாங்கு என்பதற்கு வேறொரு பிழை. கோப்பைத் திறந்திருப்பவரின் உரிமையும் குத்தகைக் காலத்துக்கு உட்பட்டது. லினக்ஸ் சர்வரில் இது வழக்கமாக 90 நொடி. அதற்குள் வாடிக்கையாளர் கணினி தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் அது இறந்துவிட்டதாகக் கொண்டு, அதன் பிடியில் இருந்த பூட்டுகளைச் சர்வர் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். வலைப்பின்னலில், ‘நீ மூடும்வரை’ என்ற உறுதிமொழியைக் கொடுக்கவே முடியாது. மூடாமலே காணாமல் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஹேண்டில் நீண்டு வாழ்வதால் வரும் தொல்லைகளையே இதுவரை பார்த்தோம். சீக்கிரம் மூடுவதாலும் கேடு வரும் என்பதைப் பலர் 2018-இல்தான் உணர்ந்தார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தளத்தில் ஒரு நிரல் தரவை எழுதி ஹேண்டிலை மூடிவிடும். பிறகு வேறொரு நிரல் அதே கோப்பைத் திறந்து, எல்லாம் உண்மையிலேயே வன்தட்டில் பதிந்துவிட்டதா என்று கர்னலைக் கேட்கும். இடைப்பட்ட நேரத்தில் வன்தட்டில் எழுதுவது தோற்றுவிட்டால்? லினக்ஸ் அந்தப் பிழையை ஒருமுறைதான் சொல்லும். சில கர்னல் பதிப்புகளில், பிழை நடந்தபின் திறந்த ஹேண்டிலுக்குச் சொல்லவே சொல்லாது. பதிந்துவிட்டது என்ற பதில் வரும், தரவு போயிருக்கும். பிழைச் செய்தி போய்ச் சேர வேண்டிய முகவரி மூடப்பட்டுவிட்டது என்பதுதான் சிக்கல். கர்னல் திருத்தப்பட்டது. போஸ்ட்கிரெஸும் 2019 பிப்ரவரியில், பதிவதில் பிழை என்றால் மறுமுயற்சி செய்யாமல் தரவுத்தளத்தையே நிறுத்தி, தன் மாற்றக் குறிப்பேட்டிலிருந்து மீட்டெடுக்கும்படி மாறியது. தரவைக் காக்கும் நிரல்கள் எழுதுவோர் இந்தக் கதையை முழுதாகப் படிக்க வேண்டும்.

இனி, கொடுத்தவரின் பக்கம். அனுமதிச் சோதனை திறக்கும்போது ஒருமுறைதான் என்றேன். இன்று காலை ஒருவருக்கு அனுமதி இருந்தது, கோப்பைத் திறந்தார். மதியம் அனுமதியை நீக்கிவிட்டோம். அவர் நிரல் ஓடும்வரை அவருக்குக் கோப்பு கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். இது தவறு என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வாசிப்புக்கும் அனுமதி பார்ப்பது பெரும் செலவு, பாதி எழுதிய கோப்பு நடுவில் நிற்பதும் கேடு. ஆனால் சில இடங்களில் திரும்பப் பெறும் உரிமை இல்லாமல் காலம் தள்ள முடியாது.

பல்கலைக்கழகங்களில் பலர் ஒரே முனையத்தை மாறி மாறிப் பயன்படுத்திய நாட்களில் இது அன்றாடப் பிரச்சினை. ஒருவர் வெளியேறும்போது முனையத்தைத் திறந்து வைத்திருக்கும் ஒரு நிரலைப் பின்னணியில் ஓடவிட்டுப் போய்விடலாம். அடுத்தவர் வந்து தட்டும் கடவுச்சொல் அந்த நிரலுக்குப் போய்விடும். இதற்காகவே 1990-இல் வந்த 4.3 பி.எஸ்.டி. ரீனோ பதிப்பில் ‘ரிவோக்’ என்ற கட்டளை சேர்க்கப்பட்டது. முனையத்தின் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டால், யார் யாரிடம் அதன் ஹேண்டில் இருந்தாலும் எல்லாம் அந்தக் கணமே செத்துவிடும். எண் அப்படியே இருக்கும். படிக்க முயன்றால் கோப்பு முடிந்துவிட்டது என்ற பதில்தான் வரும். மூடுவது மட்டும் நடக்கும். செத்த ஹேண்டில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இன்னொரு செயலிக்குக் கோப்பைப் பகிரும்போது, தரப்படும் அனுமதி பொதுவாகத் தற்காலிகமானது. வாங்கிய திரை மூடப்பட்டால் முடிந்தது. நேற்றுத் திறந்த ஆவணத்தை இன்று அதே செயலியின் பழைய பட்டியலிலிருந்து திறக்க முடியாமல் போவது இதனால் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 4.4 முதல், பயனர் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஆவணத்துக்கு நிலையான அனுமதியைச் செயலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு; முன்பு 128, ஆண்ட்ராய்டு 11-இலிருந்து 512. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. ஆனால் அதற்குள் அந்தச் செயலி கோப்பைத் திறந்து ஹேண்டிலை வாங்கிவிட்டிருந்தால், அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல்தான். அந்த ஹேண்டில் செத்துவிடாது.

கைவிட மறந்த ஒரே ஒரு ஹேண்டில் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2024 ஜனவரி சாட்சி. டாக்கர், குபர்நெட்டீஸ் போன்றவை நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களுக்குள் அடைத்து ஓட்டுகின்றன. அடைக்கும் வேலையைப் பெரும்பாலும் ‘ரன்சி’ என்ற சிறு கருவி செய்கிறது. அது வெளியே இருக்கும் கணினியின் ஒரு கோப்புறையைத் தன் வேலைக்காகத் திறந்திருந்தது. உள்ளே நுழையும் நிரலைத் தொடங்குவதற்கு முன்பு அதை உரிய நேரத்தில் மூடவில்லை. அந்த ஹேண்டிலையே தன் தொடக்கக் கோப்புறையாகக் குறிப்பிட்ட ஒரு கன்டெய்னர், வேலியைத் தாண்டி வெளிக் கணினியின் கோப்புகள் முழுவதையும் எட்டிவிட முடிந்தது. பூட்டுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. பூட்டுவதற்கு முன் திறந்த ஒன்று, பூட்டிய பிறகும் உயிரோடு இருந்தது. ஜனவரி 31 அன்று வெளியான 1.1.12 பதிப்பில் அது திருத்தப்பட்டது.

லினக்ஸில் விசைப்பலகை, மவுஸ் போன்ற உள்ளீட்டுக் கருவிகளுக்கு 2013 முதல் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. ஒரே கணினியில் பயனர் மாறும்போது, முந்தைய பயனரின் நிரல்கள் புதியவர் தட்டுவதைக் கேட்காதபடி அது ஹேண்டில்களைக் கொன்றுவிடுகிறது. எல்லா வகைக் கோப்புக்கும் பொருந்தும் ரிவோக் ஒன்றைச் சேர்க்க 2007 வாக்கில் நடந்த முயற்சி ஏற்கப்படவில்லை. கடினமான வேலை என்பது உண்மை. பாதியில் நிற்கும் எழுத்தை என்ன செய்வது, நினைவகத்தோடு இணைத்துக்கொண்ட கோப்பை எப்படிப் பிரிப்பது, பிரித்தால் அந்த நிரல் விழுந்துவிடாதா என்று ஒவ்வொரு கேள்வியும் கர்னலின் ஆழமான பகுதிகளைத் தொடுகிறது. ஆனால் கன்டெய்னர்களிலும் கைப்பேசிகளிலும், ஒருவரை ஒருவர் நம்பாத நிரல்கள் ஒரே கர்னலின் மேல் ஓடும் காலம் இது. மூடும் உரிமை வாங்கியவரிடம் மட்டுமே இருக்கும் விதி, ஒருவரை ஒருவர் அறிந்த சிலர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொண்ட பெல் ஆய்வகத்துக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைக்குப் போதாது. லினக்ஸ் கர்னலில் பொதுவான ரிவோக் வர வேண்டும். அந்த வேலையை மறுபடி கையில் எடுக்க இளம் பொறியாளர்கள் முன்வர வேண்டும்.